இரண்டாம் தொட்டியும் ஐந்தாம் தொட்டியும்

என் அருமைத் தம்பி முரளிக்கு,

இரண்டாம் தொட்டியின் வளர்ச்சியை ஐந்தாம் தொட்டியின் எண்ணெயால் பெருக்கினாயே, அப்படிப் பெருக்கக் கூடாது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று நாட்களாக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். விடை எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறவர்கள் என் துறையில் ஏராளம். அந்தக் கூட்டத்தில் இன்னொருத்தி வேண்டாம்.

நீ போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதை உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். என் வகுப்பில் நீ ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, தப்பித்தாய்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் முதலாளி பிரசாத் காரு (மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 'காரு' தெலுங்கு மரியாதைச் சொல்) நன்றாக இருக்கிறார். சனத்நகரில் பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்து விற்றுக்கொண்டிருந்த மனிதர் இப்போது 'பசுமை எரிபொருள் முன்னோடி' ஆகிவிட்டார். சட்டையும் பச்சை. அலுவலக வாசலில் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருக்கிறார். அதில் பச்சைத் தண்ணீர், அடியில் விளக்கு, குமிழி குமிழியாகக் காற்று. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது நுண்பாசி இல்லை, சாயத் தண்ணீர். பாசி என்றால் நான்கு நாளில் சுவரில் ஒட்டிக்கொண்டு நாறும், சாயம் நாறாது என்று அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நாளைக் காலை அவருடைய கூடத்தில் ஒரு கூட்டம். மேதக் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு விவசாயிகளை வண்டி வைத்து அழைத்து வருகிறார். நெல் வயலைத் தோண்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, பாசித் தொட்டிகளாக மாற்ற அவர்கள் சம்மதிக்க வேண்டும். மேல் மண்ணை வாரி எடுத்துவிட்டால் அந்த நிலத்தில் மறுபடி நெல் எப்போது வரும் என்று அங்கே யாரும் சொல்லப் போவதில்லை. சொல்லப் போவது ஒரே ஒரு எண். ஒரு ஏக்கர் தொட்டியில் வருடத்துக்கு எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்ற எண். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாராவது எடுத்துக்கொண்டு போய் இன்னொரு கூட்டத்தில் போடுவார்கள்.

அந்த எண் உன்னுடையது. திரையில் அதன் கீழே உன் பெயர் இருக்கிறது, 'முரளி முறை' என்று. மேடையில் நானும் உட்கார வேண்டுமாம். கண்டுபிடித்தவரின் அக்கா, அதுவும் எண்ணெய் வித்துகளில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் பட்டக்காரி; இவ்வளவு வசதியாக ஒருத்தி அவருக்கு எங்கே கிடைப்பாள்? நான் பார்த்துவைக்கட்டும் என்று திரையில் காட்டப்போவதை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். பார்த்தேன். மூன்றாவது பக்கத்திலேயே எனக்கு உறுத்திவிட்டது.

உன் வேலையை நீ புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். பாசிக்குத் தழைச்சத்தும் வெயிலும் தாராளமாகக் கிடைத்தால் அது பிளந்து பிளந்து பெருகும்; தண்ணீர் நாளுக்கு நாள் கரும்பச்சையாகும். பெருகுகிற மும்முரத்தில் எண்ணெய் சேர்க்காது. தழைச்சத்தை நிறுத்தினால் பெருகுவது நின்றுபோகும். வெயில் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி வருகிற சக்தியை வேறு எதற்கும் செலவழிக்க வழியில்லாமல் எண்ணெயாக்கி உள்ளே அடைத்து வைக்கும். பச்சை வெளுத்து மஞ்சளடிக்கும். ஆக, கொழுத்த பாசி கொஞ்சம், அல்லது மெலிந்த பாசி நிறைய. இதைத் தாண்டிப் போக உலகம் முழுவதும் என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். முதலில் ஊட்டி வளர்த்து, பிறகு பட்டினி போட்டு, எந்த நாளில் நிறுத்துவது, எவ்வளவு வெயில், எவ்வளவு உப்பு என்று. நேர்மையாகச் செய்கிறவர்கள் மொத்தத்தில் கிடைத்ததைச் சொல்வார்கள். மற்றவர்கள் சதவீதத்தை மட்டும் சொல்வார்கள். பட்டினியில் வற்றிப்போனவனின் உடம்பில் எலும்பு எத்தனை சதவீதம் என்று பெருமைப்படுவது போல.

உன் ஆறு தொட்டிகளில் இரண்டாவதற்கு யூரியா போட்டாய். அது மளமளவென்று வளர்ந்தது. ஐந்தாவதைப் பட்டினி போட்டாய். அதில் எண்ணெய் ஏறியது. இரண்டையும் நீ அளந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு, ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்திருக்கிறாய். மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் சுட்டதையும், மழைக்காலத்தில் பாசியைத் தின்கிற பூச்சி விழுந்து நான்காம் தொட்டி ஒரே வாரத்தில் தெளிந்துபோனதையும்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறாய். ஏசி அறையில் குடுவையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே எரிபொருள் தருவதாக எழுதுகிற என் சக ஆராய்ச்சியாளர்கள் பலரைவிட உன் நோட்டு சுத்தம்.

அதன் பிறகு, கடைசிப் பக்கத்தில், இரண்டாம் தொட்டியின் வளர்ச்சியை எடுத்து ஐந்தாம் தொட்டியின் எண்ணெய்ச் சதவீதத்தால் பெருக்கியிருக்கிறாய். வருகிற விடை எந்தத் தொட்டியிலும் ஒருநாளும் விளைந்ததில்லை. அளந்த எண் இரண்டும் உண்மை. பெருக்கிய எண் பொய்.

உனக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைக்கத்தான் ஆசை. நீ டிப்ளமோ படித்த மெக்கானிக்கல் ஆள், பாசியைப் பற்றி உனக்கு யார் சொன்னார்கள்? ஆனால் ராணிகஞ்சில் என் வீட்டுக்குத் தண்ணீர் மோட்டார் வாங்கப் போனோமே, அது குறுக்கே வந்து நிற்கிறது. அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் எதிரிலேயே சிரித்தாய்.

"இத்தனை அடி உயரம் ஏத்தும், மணிக்கு இத்தனை லிட்டர் குடுக்கும்னு போட்டிருக்கான் பாருக்கா. ரெண்டும் ஒண்ணா நடக்காது. உயரம் ஏறுனா தண்ணி சொட்டும். தண்ணி கொட்டுனா உயரம் ஏறாது."

"அப்புறம் ஏன்டா ரெண்டையும் போடறான்?"

"வாங்கறவன் ரெண்டையும் சேத்துக் கனவு காணட்டும்னுதான்."

கடைக்காரர், "லேனா ஹை தோ லோ சாப், பாஷண் நக்கோ" என்றார். வாங்குவதானால் வாங்கு, பிரசங்கம் வேண்டாம். நீ "ஹவ் ஹவ்" என்று அவர் பாஷையிலேயே ஆமாம் போட்டுவிட்டு அதே மோட்டாரை வாங்கினாய். பம்பில் தெரிந்த உனக்குப் பாசியில் தெரியாமல் போகுமா? போகவும் போகலாம். ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்களாக இருந்து அடுத்ததில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களோடுதான் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். இப்படி மாறி மாறி நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எண்ணைப் பார்த்த அன்றே குஷாய்குடாவுக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி சுதா உன் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பெருக்கலுக்குக் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஒரு கையெழுத்து. யார் இந்த முட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. தேதியோடு, பட்டத்தோடு, என் கையெழுத்து.

நினைவு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோத்குண்டாவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நோட்டை வைத்தாய். நான் ஒரு மாணவியின் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவை பார்த்துடுக்கா. பிரசாத் காருகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி."

"உங்க கம்பெனி கணக்கை நான் பார்த்து என்னடா ஆகப்போகுது? பால் தொட்டி விக்கிறவருக்கு இது போதும்."

"போதுமான்னுதான் கேக்கறேன்."

கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். "முழுசாப் படிச்சியா?" என்று கேட்டாய். "படிச்சேன், படிச்சேன்" என்றேன். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாய். பிறகு "சரிக்கா, கிளம்பறேன்" என்று போய்விட்டாய். காப்பிகூடக் குடிக்கவில்லை.

அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். என் முதுகலை மாணவிகள் செய்தால் சிவப்பு மையில் அடிக்கிற தவறு. நான் பார்க்கவில்லை. நேரமில்லை என்று இல்லை. அது பார்க்கிற தகுதியுள்ளது என்று நான் நினைக்கவில்லை. பிரசாத் காரு விற்பவர், பொய் சொல்வது அவர் தொழில். என் தொழில் என்ன? அவரை நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏளனம் செய்யலாம். அவர் திரையில் போடுகிற எண்ணை உண்மை என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

தெரியாமல் செய்திருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பிக் கொண்டுவந்தாய். தெரிந்தே செய்திருந்தாலும், ஒருவேளை, நான் கண்டுபிடித்துத் தடுக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கலாம். இல்லை, என் கையெழுத்து இருந்தால் முதலாளி கேள்வி கேட்க மாட்டார் என்று கொண்டுவந்தாயா? எப்படிப் பார்த்தாலும் நான் படித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன் என்று அங்கேயே சுதாவிடம் சொன்னேன். அவள் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், சண்டையிலும்.

"வேண்டாம் அண்ணி. அவர் பேர்ல வெளியில இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதீங்க."

"அது தப்பு சுதா. பன்னிரண்டு பேர் நிலத்தைத் தோண்டப் போறாங்க."

"அவர் செஞ்ச எதைத்தான் நீங்க சரின்னு சொன்னீங்க? இருந்தப்போ வீட்டுக்குள்ள மட்டம் தட்டினீங்க. இப்ப மைக் வச்சுத் தட்டப் போறீங்களா?"

உள்ளே படித்துக்கொண்டிருந்த உன் மகள் காவ்யா வாசற்படிக்கு வந்து நின்றாள். தமிழ் முழுக்கப் புரியும், பேசத்தான் கோர்வையாக வராது.

"சோ, அப்பா ராங்கா, அத்தை?"

"அளந்தது எல்லாம் ரைட். பெருக்கினது ராங்."

"எக்ஸாம்ல ஸ்டெப்புக்கு மார்க் இஸ்தாரு கதா?"

கொடுப்பார்கள் என்றேன். "தென் ஓகே" என்று திரும்பிப் போய்விட்டாள். உன் பெண்ணுக்கு உன் பேச்சு அப்படியே வந்திருக்கிறது. சுதா நோட்டுகளை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இதை எழுதும்போது மாலை ஐந்து மணி. கண்டோன்மென்ட் பக்கமிருந்து அணிவகுப்புச் சத்தம் கேட்கிறது. பிரசாத் காரு இப்போதுதான் கூப்பிட்டார். "மேடம், ரேப்பு மீரு கொஞ்செம் பாசிடிவ்கா மாட்லாடண்டி, அந்தே" என்றார். நாளைக்கு நான் கொஞ்சம் நல்லவிதமாகப் பேசினால் போதுமாம். நல்லவிதமாகப் பேசுவது எனக்குத் தெரிந்திருந்தால் நீ அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பாய்.

பேசுவேனா? எதிரி பிரசாத் காரு மட்டும் என்றால் தயக்கமே இல்லை. உன் பெயர் அங்கே எழுதியிருக்கிறது, முதல் வரிசையில் சுதா இருப்பாள். இந்த நிமிடம் வரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

*

மறுநாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மேடையில் உன் படத்தைப் பெரிதாக்கிச் சந்தன மாலை போட்டு வைத்திருந்தார்கள். சுதாவும் காவ்யாவும் முதல் வரிசை. பிரசாத் காரு உன் எண்ணைத் திரையில் போட்டதும் விவசாயிகள் கைபேசியில் படம் எடுத்தார்கள். பிறகு மைக்கை என்னிடம் கொடுத்தார்.

பிரசாத் காருவுக்கென்று சில வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். கூர்மையான வாக்கியங்கள். அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. என்னுடைய ஓட்டைத் தெலுங்கில், இந்த எண் எந்தத் தொட்டியிலும் கிடைத்ததில்லை என்றேன். வளர்ச்சி ஒரு தொட்டியில் அளந்தது, எண்ணெய் வேறு தொட்டியில் அளந்தது. பெருக்கியது என் தம்பி. படிக்காமலே சரி என்று கையெழுத்துப் போட்டது நான். இவ்வளவுதான் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிரசாத் காரு சிரித்தார். "மேடம், இண்டஸ்ட்ரியில் எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுவாங்க, இது டார்கெட்" என்று ஆங்கிலமும் தெலுங்குமாக அவர்களைச் சமாதானப்படுத்தினார். அப்போது லட்சுமம்மா என்ற பெண்மணி எழுந்தார். பன்னிரண்டு பேரில் பெண் அவர் ஒருவர்தான். பிரசாத் காருவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதி சரே. ஒக்க தொட்டி எந்த இஸ்துந்தம்மா?"

ஒரே தொட்டியிலிருந்து எவ்வளவு வரும்? கூடத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான். முப்பது வருடம் எண்ணெயைப் பற்றிப் படித்த நான், தெரியாது, இங்கே யாரும் அளக்கவில்லை என்றேன்.

"மரி மம்மல்னி எந்துக்கு பிலிச்சாரு?" என்றார். அப்படியானால் எங்களை ஏன் கூப்பிட்டீர்கள்?

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒருவர் பின் ஒருவராக இன்னும் எட்டுப் பேர் போனார்கள். மூன்று பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்கள் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. போய், வேண்டாம் என்று காதில் சொல்லிப் பார்த்தேன். அதில் இளையவர், "நெல்லு மட்டும் என்ன வாழுது மேடம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவரை ஏளனமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிரசாத் காரு கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சரே மேடம், மீரே சேசி சூபிஞ்சண்டி" என்றார். நீங்களே செய்து காட்டுங்கள். கிண்டலாகத்தான் சொன்னார். எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார் என்பதால் நானும் எல்லோர் எதிரிலும் சரி என்றேன். திங்கட்கிழமை தொட்டிகளின் சாவியைத் தர வேண்டும் என்று கேட்டு, அங்கேயே அவர் வாயால் சம்மதமும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது சுதா மேடையில் இருந்தாள். உன் படத்தை மாலையோடு தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நேராக வாசலுக்கு நடந்தாள். எனக்கு எதிராகவா, அவர்களுக்கு எதிராகவா என்று புரியவில்லை. காவ்யா ஆட்டோவை நிறுத்தினாள். மூன்று பேரும் ஏறினோம். படம் பெரியது, அதன் ஒரு முனை சுதா மடியில், மறு முனை என் மடியில்.

தார்நாகா தாண்டியதும் சுதா தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தத் தொட்டியில போடப் போறீங்க, அண்ணி?"

"மூணாவது காலியா இருக்கு."

"அது மூலையில ஒழுகும். சொல்லிட்டே இருப்பாரு. ஆறாவது எடுங்க."

ஆறாம் தொட்டியில்தான் போடுவேன், முரளி. வளர்ச்சியும் எண்ணெயும் அந்த ஒரே தொட்டியிலிருந்து, ஊட்டுகிற நாள் முதல் பட்டினியின் கடைசி நாள் வரை. எவ்வளவு சின்ன எண் வந்தாலும் லட்சுமம்மாவின் ஊருக்கு நானே போய்ச் சொல்வேன்.

உன்னோடு பிறந்தவள்,
ரேவதி அக்கா